மூணாறு மலையில் தக்காளி: செடி ரகமா, கொடி ரகமா, செர்ரியா?

மூணாறு, தேவிகுளம், குண்டளை, செண்டுவாரை பக்கம் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு)ப் பின்னால் கையகல மண் இருந்தாலும் கேரட்டும் பீன்ஸும் முட்டைக்கோஸும் நன்றாக வருகின்றன. தக்காளி மட்டும் உடுமலையிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் லாரியில் ஏறித்தான் வருகிறது. மண் மோசம் என்று சொல்ல முடியாது. இங்கே தக்காளிக்குக் கிடைக்கும் நாள் குறைவு, அவ்வளவுதான். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். சில ஆண்டுகளில் பிப்ரவரித் தொடக்கம் வரை நீளும். ஜூன் 1 வாக்கில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். நடுவில் இருப்பது மூன்றரை மாதம். எந்த ரகம் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், எந்த ரகம் இந்த மூன்றரை மாதத்துக்குள் பழுத்து முடியும் என்று கேட்க வேண்டும்.

தக்காளிக்கு எது தேவை என்பதை எண்ணில் பார்ப்போம். மண் 25 டிகிரி இருந்தால் விதை 6 நாளில் முளைக்கும், 20 டிகிரியில் 8 நாள், 15 டிகிரியில் 14 நாள். 10 டிகிரிக்குப் போனால் ஒன்றரை மாதம் ஆகும், அதற்குள் பல விதைகள் அழுகிவிடும். இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இருந்தால் மகரந்தம் சரியாக உருவாகாது, பூ பூக்கும், காம்பு மஞ்சளாகிக் கொட்டும். பூவிலிருந்து பழம் வரை சமவெளியில் 45 நாள் போதும், இங்கே 50 முதல் 60 நாள் பிடிக்கும். பழத்தின் சிவப்பு நிறம் 20 முதல் 25 டிகிரியில்தான் நன்றாக ஏறும்.

இதை நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். ஜனவரி முதல் வாரம் விதைப்பு. பிப்ரவரி 15 வாக்கில் நடவு. மார்ச் நடுவில் இரவுக் குளிர் தளரும்போது பூ. மே முதல் அல்லது இரண்டாம் வாரம் முதல் பழம். மழைக்கு முன் பறிக்க மூன்று, நான்கு வாரம்தான் மிச்சம்.

திறந்த வெளி: செடி ரகம்

கூரை போட வசதி இல்லாதவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம், குட்டையாக நிற்கும் செடி ரகம்தான். ஓரளவு உயரம் வந்ததும் நுனியில் பூங்கொத்து வைத்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும், காய்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முற்றும். சமவெளியில் இது குறை, நமக்கு இதுதான் பலம். நான்கு வாரத்துக்குள் செடியின் விளைச்சலில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். நல்ல பராமரிப்பில் செடிக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ எதிர்பார்க்கலாம்.

மலைக்குக் கீழே பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 எல்லோருக்கும் தெரிந்த செடி ரகம். அன்னஞ்சி என்ற நாட்டு ரகத்திலிருந்து திடீர் மாற்றம் செய்து எடுத்தது, தோல் தடிமன், தூரம் தாங்கும். ஆனால் பாக்டீரியா வாடல் நோய்க்கு அதில் எதிர்ப்பு இல்லை. நம் புளிப்பு (அமில) மண்ணில் அது பெரிய குறை. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, அனகா மூன்றும் வாடலைத் தாங்குபவை, கிருஷி பவனில் (கேரள வேளாண் துறை அலுவலகத்தில்) கேட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே வாடல் கண்ட மண்ணில் பி.கே.எம். 1 வைப்பது விதைக்கும் வேலைக்கும் நஷ்டம்.

இடைவெளி 60க்கு 45 சென்டிமீட்டர். வழி விட்டது போக ஒரு சென்டில் நூறு செடி. சென்டுக்கு 80 கிலோ தொழு உரம். அதற்கு இரண்டு வாரம் முன்பே சென்டுக்கு 2 முதல் 3 கிலோ கும்மாயம் (சுண்ணாம்பு) தூவிக் கொத்திவிட வேண்டும். மண் பரிசோதனை செய்துவிட்டுப் போட்டால் இன்னும் நல்லது, தேயிலைக் காட்டு மண்ணின் புளிப்பு இடத்துக்கு இடம் மாறும்.

பலர் தவறுவது மூடாக்கில். பிப்ரவரியில் வைக்கோலோ சருகோ பரப்பினால் வெயில் மண்ணைத் தொடாது, வேர் குளிரில் முடங்கும். இலையின் அடிப்புறம் ஊதா நிறமாகிச் செடி வளராமல் நிற்பது இதன் அடையாளம். மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இருந்தும் குளிர்ந்த வேரால் அதை எடுக்க முடியவில்லை என்று பொருள். உரம் கூட்டினால் தீராது. 25 முதல் 30 மைக்ரான் கறுப்பு மூடாக்குத் தாளை நடவுக்குப் பத்து நாள் முன்பே விரித்து மண்ணைச் சூடேற்றுங்கள். தாள் இல்லையென்றால் மண்ணை வெறுமையாக விட்டு, ஏப்ரலில் சருகு போடலாம்.

இடம் தேர்வதும் ரகத் தேர்வுக்குக் குறைந்ததல்ல. உறைபனி தெளிந்த, காற்றில்லாத இரவில் விழும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஓடையோரச் சமதளத்தில் புல் வெள்ளையாகிக் கிடக்கும்போது ஐம்பது அடி மேலே ஒன்றும் ஆகாமல் இருப்பது இதனால்தான். தக்காளியைக் கிழக்கு பார்த்த சரிவின் நடுப்பகுதியில் வையுங்கள், பள்ளத்தைக் கோஸுக்கு விடுங்கள்.

கூரையடியில்: கொடி ரகம்

கொடி ரகம் வளர்ந்துகொண்டே போகும். முதல் பழம் செடி ரகத்தைவிடப் பத்து, பதினைந்து நாள் பிந்தும், ஆனால் மாதக்கணக்கில் காய்க்கும். திறந்த வெளியில் வைத்தால் காய் ஏறும் நேரத்தில் மழை வந்து, பத்து நாளில் எல்லாம் இலைக்கருகல் நோயில் கருகும். கூரை இருந்தால் நிலைமை தலைகீழ். ஜூன், ஜூலையிலும் பறிக்கலாம், செடிக்கு 4 முதல் 5 கிலோ வரை போகும். எனவே ஒரே விதி: கூரை இல்லையேல் கொடி வேண்டாம்.

கூரை என்றால் கண்ணாடி வீடு அல்ல, மழைமறைப்பு போதும். 200 மைக்ரான் புற ஊதாக் கதிர் தாங்கும் பாலித்தீன், ஓரம் 2 மீட்டர், நடு 3.5 மீட்டர் உயரம், நான்கு பக்கமும் திறப்பு. குளிர் என்று பக்கங்களை மூடினால் உள்ளே ஈரம் நின்று, மழையில் நனையாத செடியே கருகும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: சாதாரண பாலித்தீன் மண்ணிலிருந்து இரவில் வெளியேறும் வெப்பத்தை அதிகம் தடுக்காது. மழைக்குத்தான் அது காவல், உறைபனிக்குப் பெரிதாக உதவாது. ஜனவரி நடவுக்கு அதை நம்பாதீர்கள்.

கூரைக்குள் வரும் தொல்லைகள் வேறு வகை. வெளியே அடைமழை பெய்தாலும் உள்ளே மண் காய்ந்திருக்கும். காய்க்கும் செடிக்கு நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் தண்ணீர் தவறாமல் வேண்டும். இரண்டு நாள் விட்டு மொத்தமாக ஊற்றினால் காயின் அடிப்புறம் கறுத்துக் குழியும். சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராததன் விளைவு இது, நோய் அல்ல. காற்றும் வண்டும் குறைவு, ஆகவே காலை 10 முதல் 12 மணிக்குள் கொடி கட்டிய கம்பியை லேசாகத் தட்டி மகரந்தம் உதிர வையுங்கள். இரண்டு தண்டு மட்டும் விட்டு, இலைக்கக்கத்தில் வரும் பக்கக்கிளைகளை விரல் நீளத்துக்குள் கிள்ளுங்கள். கத்தி வேண்டாம், வாடல் நோய் கத்தி வழியே செடிக்குச் செடி போகும்.

ரகத்தில் பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் (ஐ.ஐ.ஹெச்.ஆர்.) தந்த அர்க்கா ரக்‌ஷக், அர்க்கா அபேத் இரண்டும் குச்சி கட்டி வளர்க்க வேண்டிய கலப்பினங்கள். ரக்‌ஷக் இலைச்சுருள், வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும். நம் மலையில் உண்மையான எதிரி பின்பருவ இலைக்கருகல், அதற்கும் எதிர்ப்பு சேர்த்து வெளியிட்டது அபேத். இரண்டில் ஒன்று என்றால் இங்கே அபேத். ஆனால் எதிர்ப்பு என்பது மருந்து அடிக்காமல் இருக்க அனுமதி அல்ல.

செர்ரி

விற்பனைக்கு இல்லை, வீட்டுக்குத்தான் என்றால் செர்ரியைத் தயங்காமல் வையுங்கள். கொத்துக்குப் பத்து, இருபது பூ வைப்பதால் குளிரில் சில கொட்டினாலும் மீதி பிடிக்கும். காய் சிறிது, சீக்கிரம் முற்றும். பெரும்பாலும் கொடிதான், ஆனால் கவாத்து செய்யாமல் விட்டாலும் கொடுக்கும். வீட்டு ஓட்டுச் சார்ப்பின் கீழ், சுவரை ஒட்டி, 12 லிட்டர் பெயின்ட் வாளியில் வைத்தால் மழைத்தண்ணீர் படாது, பகலில் சூடேறிய சுவர் இரவில் கொஞ்சம் வெப்பமும் தரும். குழம்புக்கு ஆகாது என்ற குறை உண்டு. மழை நனைத்தால் பழம் வெடிக்கும்.

ஸ்டுபைஸ், சைபீரியன், ஆரிகன் ஸ்பிரிங் போன்ற குளிர்நாட்டு ரகங்களைப் பற்றிப் படித்துவிட்டு விதை தேடுபவர்கள் இருக்கிறார்கள். குளிரிலும் காய் பிடிக்கும் என்பது உண்மை. ஆரிகன் ஸ்பிரிங் மகரந்தம் சேராமலே காய் வைக்கும். ஆனால் அவை உருவான இடங்களில் நம் வாடல் நோய் பிரச்சினையே கிடையாது. வாளியில் புது மண்ணில் வையுங்கள், நிலத்தில் வேண்டாம்.

நாற்று: கீழிருந்து வாங்குவதா, வீட்டில் போடுவதா?

ஒட்டன்சத்திரம், உடுமலை நாற்றுப் பண்ணைகளில் 25 நாள் நாற்று சுலபமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. இரண்டு சிக்கல். 30 டிகிரி வெயிலில் வளர்ந்த நாற்று நம் 10 டிகிரி இரவில் அதிர்ந்து இரண்டு வாரம் அசையாமல் நிற்கும். நமக்கு இருப்பதே மூன்றரை மாதம். அடுத்தது, சமவெளி வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருள் நச்சுயிரி நாற்றோடு மலையேறும்.

வீட்டு நாற்று ஐந்து, ஆறு வாரம் எடுக்கும், ஆனால் இந்தக் குளிருக்குப் பழகியது. 98 குழித்தட்டில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து, குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். முளைக்கும் வரை அடுப்படிப் பரணில் வைக்கலாம், வெளிச்சம் தேவையில்லை. முதல் முளை தெரிந்த அன்றே வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் நூல் மாதிரி நீளும். கடைசி வாரம் பகலில் வெளியே வைத்துத் தண்ணீரைக் குறையுங்கள். நீண்டுபோன நாற்றைக் குழியில் ஆழமாக இறக்காமல் வாய்க்காலில் சாய்த்துப் படுக்கவைத்து நடுங்கள். புதைந்த தண்டெல்லாம் வேர் விடும், மேல்மண்ணின் சூடும் கிடைக்கும். வீட்டு நாற்றே என் பரிந்துரை.

கத்தரி வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய நாற்று வாடலுக்கு மிக உறுதியான தீர்வு. ஆனால் ஒட்டு சேர 25 டிகிரிக்கு மேல் வெப்பமும் நிறைந்த ஈரப்பதமும் ஒரு வாரம் வேண்டும், மலையில் அதைச் செய்வது சிரமம். ஒட்டு நாற்று தயாராகக் கிடைத்தால் கூரைப் பயிருக்கு வாங்குங்கள், திறந்த வெளிக்குச் செலவு மிஞ்சும். வாடல்தானா என்று தெரிய, சோர்ந்த செடியின் தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீர்க் கிளாஸில் நிறுத்துங்கள். சில நிமிடத்தில் பால் போன்ற இழை இறங்கினால் அதுதான்.

மறையூர், காந்தளூர், வட்டவடை

மேலே சொன்ன கணக்கு மூணாறு பக்கத்துக்கு. மறையூர் மழைமறைவு, தாழ்வும்கூட, அங்கே கொடி ரகம் கூரையின்றியே போகும். காந்தளூரிலும் வட்டவடையிலும் தென்மேற்கு மழை தளர்வு, வடகிழக்கு மழைதான் கனம், அதனால் பருவம் செப்டம்பர் வரை நீளும். அங்கே எச்சரிக்கை வேறு: உருளைக்கிழங்கு எடுத்த நிலத்தில் தக்காளி வைக்காதீர்கள், கருகலும் வாடலும் இரண்டுக்கும் பொது. பூண்டோ பீன்ஸோ எடுத்த நிலம் நல்லது.

மே மாதம்

ஏப்ரல் நடுவுக்குப் பிறகு மலரும் பூ, கூரையில்லாத செடியில் மழைக்குள் பழுக்காது. ஏப்ரல் 15 வாக்கில் நுனியைக் கிள்ளி, புதுப் பூவையும் எடுத்துவிடுங்கள், இருக்கிற காய் பருக்கும். கோடை மழை தொடங்கியதும் தரையிலிருந்து ஒரு அடி வரை இலைகளை நீக்கி, கருகலைத் தடுக்க ஒரு சத போர்டோ கலவை அடியுங்கள். 10 லிட்டருக்குத் துருசு (மயில்துத்தம்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் ஐந்தைந்து லிட்டரில் கரைத்து, துருசுக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு பிளேடை நனைத்தால் செம்புப்படிவு ஒட்டக் கூடாது, ஒட்டினால் சுண்ணாம்பு போதவில்லை. அன்றே அடித்து முடியுங்கள்.

மே கடைசியில் நிற்கும் காயில் ஒன்றை வெட்டிப் பாருங்கள். விதையைச் சுற்றி வழவழப்பு வந்து, கத்திக்கு விதை வெட்டுப்படாமல் நழுவினால், அந்த அளவுக் காய்கள் எல்லாம் வீட்டுக்குள் பழுக்கும். ஒரே அடுக்காகத் தாளில் பரப்பி, இரண்டு பழுத்த வாழைப்பழத்தோடு மூடி, அடுப்படி ஓரத்தில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் பழுக்கவே பழுக்காது. வெட்டுப்பட்டால் அந்த அளவுக் காய்கள் ஊறுகாய்க்கும் துவையலுக்கும்தான். கருகிய செடியை உரக்குழியில் போடாமல், நிலத்திலிருந்து தள்ளி ஆழக் குழி வெட்டிப் புதையுங்கள்.