ரத்தப் பரிசோதனைக்குப் பணம் வாங்கினார்கள், ரிப்போர்ட் எங்கே?

பெண் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய நாள் குறித்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கர்ப்பப்பையில் சீழ் பிடித்துச் சாகும் நாய்கள் ஏராளம். அதற்குப் பயந்துதான் நாங்களும் சுண்டலைக் கூட்டிப் போனோம். திருவான்மியூர் கடற்கரையில் குட்டியாக எடுத்த நாட்டு நாய். காய்ச்சல் என்று ஒருநாள் படுத்ததில்லை. போன இடம் தென்சென்னையில் ஒரு தனியார் கிளினிக். புகார் கொடுக்கப் போவதால் பெயரை இங்கே போடவில்லை.

வெறும் வயிற்றோடு கொண்டுவரச் சொன்னார்கள், சரி. பணத்தை முதலிலேயே கட்டச் சொன்னார்கள், அதுவும் சரி. பில்லில் ‘ரத்தப் பரிசோதனை ரூ.1,200’ என்று தனியாக ஒரு வரி இருந்தது. ரிப்போர்ட் கேட்டேன். “எல்லாம் நார்மல் சார், வாட்ஸ்அப்ல அனுப்பிடுறோம்” என்றார் கவுன்டரில் இருந்த பெண். இன்றுவரை வரவில்லை. நம் ஊர் நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் எவ்வளவு சகஜம் என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியும். எர்லிக்கியா கிருமி உள்ளே இருந்தும் நாய் துள்ளி விளையாடிக்கொண்டிருக்கும், பிளேட்லெட் மட்டும் சத்தமில்லாமல் இறங்கியிருக்கும். அந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் லேசில் நிற்காது. அதைக் கண்டுபிடிக்கத்தானே அந்த 1,200 ரூபாய்?

சாயங்காலம் “ஆபரேஷன் சூப்பர்” என்று சொல்லித் தூக்கிக் கையில் கொடுத்தார்கள். தலை நிற்கவில்லை. காதைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. மயக்கம் தெளியாமல் எப்படி அனுப்புகிறீர்கள் என்று கேட்டதற்கு, “ஏழு மணிக்கு மேல இங்க ஆள் இல்ல சார், வீட்டுக்குப் போனா தானா தெளிஞ்சிடும்” என்றார்கள். வாசல் போர்டில் ‘24 மணி நேர அவசர சிகிச்சை’ என்று எழுதியிருக்கிறது!

ராத்திரி உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பவில்லை. தையலில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, ஆனால் வயிறு உப்பிக்கொண்டே போனது. போர்டில் இருந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். வேறொரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள்.

“மயக்க மருந்து ஒத்துக்கல, லட்சத்துல ஒண்ணுக்கு இப்படி ஆகும்” என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பிரேதப் பரிசோதனை செய்தோம். வயிறு முழுக்க ரத்தம். சூலகத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் போட்ட கட்டு நழுவியிருந்தது.

கட்டு நழுவுவது கைதேர்ந்த டாக்டருக்கும் நடக்கலாம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாய் தானாக எழுந்து உட்காரும்வரை, உடம்பில் சூடு ஏறும்வரை கூடவே ஒருவர் இருந்து அவ்வப்போது ஈறைப் பார்த்திருந்தால், அப்போதே வயிற்றைத் திறந்து மறுபடி கட்டியிருக்கலாம். பிளேட்லெட் எவ்வளவு இருந்தது என்பதும் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. “நீங்கதான் கையெழுத்து போட்டிருக்கீங்களே” என்கிறார்கள். ஆபரேஷனுக்குச் சம்மதித்துப் போடும் கையெழுத்து, அலட்சியத்துக்கும் சேர்த்துப் போட்டது ஆகாது. அப்புறம் சமாதானம் பேச வேறொருவர் போன் செய்தார். அடுத்து எடுக்கும் குட்டிக்குத் தடுப்பூசி இலவசமாம்!

நாள் குறித்தவர்கள், ராத்திரி யார் இருப்பார்கள் என்பதை முதலில் கேளுங்கள். ரத்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு நாயை உள்ளே அனுப்புங்கள். டாக்டர் மாநிலக் கால்நடை மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். இதே மாதிரி நாயைப் பறிகொடுத்தவர்கள் உடனே புதைத்துவிடாதீர்கள். பிரேதப் பரிசோதனை வரை உடலைச் சுற்றி ஐஸ் வையுங்கள், ஃப்ரீசரில் போட்டு உறையவிட வேண்டாம். காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும். மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருஷம் அவகாசம் உண்டு. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணமும் கிடையாது. பில், கேஸ் ஷீட் நகல், போன் செய்த நேரம் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.