தங்கையின் வயிற்றுவலிக்குப் பெயர் கண்டுபிடித்த பொது மருத்துவப் பிரிவு

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.

தங்கைக்கு வலி வந்தால் உயிர் போகும். ஸ்கேனிலோ ஒன்றும் தெரியாது. முன்பு பார்த்த இடத்தில் முதலில் குடல்வால் என்றார்கள், அப்புறம் மனசுதான் காரணம் என்றார்கள். இங்கே பார்த்த டாக்டரம்மா பழைய ஃபைலை ஓரமாக வைத்துவிட்டுக் கேள்விகளில் இறங்கினார். வலிக்கு முன் என்ன மாத்திரை, பட்டினி கிடந்தாயா, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களா, சிறுநீர் கருக்கிறதா? அவள் துடிக்கிறாள், ஆனால் வயிறு தொட்டால் மெத்தென்று இருக்கிறது. நாடி வேகம், ரத்தத்தில் சோடியம் குறைவு. இந்தச் சேர்க்கைதான் அவருக்குப் பொறி தட்டியது: போர்ஃபிரியா என்ற நோய்.

"வலி இருக்கும்போதே சிறுநீர் சாம்பிள் எடுக்கணும், வெளிச்சம் படக்கூடாது" என்று புட்டியைச் சுற்றி மூடி அனுப்பினார். இந்த நோயில் சிறுநீரில் கூடும் போர்ஃபோபிலினோஜன் என்ற பொருள் எக்கச்சக்கமாக இருந்தது. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற பொருள் உடலில் உருவாகும் பாதையில் ஒரு நொதி ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருப்பதால் வரும் பரம்பரைக் கோளாறாம். ரத்தக்குழாய் வழியாக, ஹீமின் மருந்து வடிவமான ஹெமின் ஏற்றிய பிறகு வலி படிப்படியாக அடங்கியது. எனக்கும் மரபணுப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அறிகுறியே இல்லாமலும் இது இருக்கலாமே.

நட்சத்திரம் ஒன்று குறைந்தது டிஸ்சார்ஜ் அறிக்கைக்காக. பார்பிட்யூரேட் வகைத் தூக்க மருந்துகள், சல்ஃபா வகைக் கிருமிக்கொல்லிகள், சில வலிப்பு மருந்துகள் எல்லாம் இந்த நோயைத் தூண்டிவிடும். அந்தப் பட்டியலை நாங்கள் கேட்ட பிறகுதான் இணைத்தார்கள்.