பிரைவேட் லிமிடெட் பதிவுக்கு ஏஜென்டிடம் போகுமுன்: தாராவியிலிருந்து ஓர் எச்சரிக்கை

மும்பை தாராவியில், தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்தொன்றில், நானும் என் அக்காள் கணவரும் சேர்ந்து தோல்பை தைக்கும் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறோம். பெரிய நிறுவனங்களுக்குத் தீபாவளிப் பரிசுப் பொருள்கள் திரட்டிக் கொடுக்கும் ஒரு வாடிக்கையாளர், பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் மட்டுமே எங்களைச் சப்ளையர் பட்டியலில் சேர்க்க முடியும் என்று 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சொன்னதிலிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது. அதன் முடிவில் 56,600 ரூபாயைத் தாமதக் கட்டணமாக மட்டுமே அரசுக்குக் கட்டியிருக்கிறோம். இதே வழியில் போக நினைக்கும் நம்மவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் படிக்கட்டும் என்றே, எங்கள் பக்கத்து அசட்டையையும் மறைக்காமல், நடந்ததை எழுதுகிறேன்.

கம்பெனியைப் பதிவு செய்ய நாங்கள் நாடிய ஏஜென்ட் அந்தேரியில் அலுவலகம் வைத்திருந்தவர். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மராத்தியும் இந்தியும் ஆங்கிலமுமாக ஓடுகிற இந்த ஊரில், ஒரு கன்சல்டன்ட் நம்முடைய வட்டாரப் பேச்சிலேயே பேசினால் பாதிச் சந்தேகம் அங்கேயே கரைந்துவிடுகிறது. "அண்ணாச்சி, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவர் ஆடிட்டரும் அல்லர், கம்பெனி செயலரும் அல்லர், வழக்கறிஞரும் அல்லர் என்பதை நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. "கம்பெனிப் பதிவு ஆலோசகர்" என்று பலகை மாட்டுவதற்கு எந்த உரிமமும் வேண்டியதில்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

விளம்பரத்தில் இருந்த தொகை 6,999 ரூபாய், "எல்லாம் உட்பட". நாங்கள் கொடுத்து முடித்த தொகை 33,499 ரூபாய். இடையில் கூடிய ஒவ்வொரு தொகைக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது, ஒவ்வொரு காரணமும் கேட்கும்போது நியாயமாகவே தோன்றியது. கம்பெனிப் பெயர் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது என்று சொல்லி, மூன்று விண்ணப்பத்துக்கு 3,000 வாங்கினார். நிராகரிப்புக் கடிதம் ஒன்றைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. "ஆர்.ஓ.சி. ஃபீ", அதாவது கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்துக்கான கட்டணம், என்று 4,000 வாங்கினார். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம், அதாவது கம்பெனி வெளியிடக்கூடிய பங்குகளின் உச்ச மதிப்பு, 15 லட்சம் ரூபாய் வரை இருக்கும் கம்பெனிக்கு மத்திய அரசு பதிவுக் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. எங்கள் மூலதனம் 1 லட்சம். அதற்கு மகாராஷ்டிரத்தில் நாங்கள் கட்ட வேண்டியிருந்தது 1,300 ரூபாய் முத்திரைத் தீர்வை மட்டுமே.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., தொழில் வரி ஆகிய மூன்றுக்கும் "மூன்று ஆபீஸில் அலைய வேண்டும்" என்று சொல்லி வாங்கிய 7,500 ரூபாயை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. 2020 பிப்ரவரியில் கம்பெனிப் பதிவுக்கான ஸ்பைஸ் பிளஸ் என்னும் இணையப் படிவம் வந்ததிலிருந்து, அதனுடன் இணைந்த அஜைல் புரோ படிவத்திலேயே இந்த மூன்று பதிவுகளும் மகாராஷ்டிரத்தில் முடிந்துவிடுகின்றன. பான் எண்ணும் வரிப் பிடித்தத்துக்கான டான் எண்ணும் பதிவுச் சான்றிதழோடு சேர்ந்தே வருகின்றன. எந்த அலுவலகத்துக்கும் யாரும் அலையவில்லை. நாங்கள் கொடுத்த கூலி ஒரே படிவத்தில் சில கட்டங்களை நிரப்பியதற்கு.

மீதி 12,000 ரூபாய் முகவரிக்கு. தாராவி முகவரியைப் பதிவு அலுவலகமாகக் காட்டினால் விண்ணப்பம் நிற்காது என்று சொல்லி, அந்தேரியில் தம் அலுவலகம் இருந்த கட்டடத்தின் முகவரியை ஓராண்டு வாடகைக்குக் கொடுத்தார். வாடகைப் பட்டறை என்றாலும் உரிமையாளரின் ஆட்சேபமின்மைக் கடிதமும் இரண்டு மாதத்துக்கு மேற்படாத மின் கட்டணச் சீட்டும் வாடகை ஒப்பந்தமும் இருந்தால் போதும் என்பது எங்களுக்குத் தெரியாது. நாற்பது ஆண்டுகளாகத் தாராவியில் வாழ்ந்தும், எங்கள் முகவரி செல்லாது என்று ஒருவர் சொன்னவுடன் மறுகேள்வி கேட்காமல் நம்பினோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இவையெல்லாம் பண இழப்பு. அத்தோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். பெரிய சேதம் வேறிடத்தில் இருந்தது. டிஜிட்டல் கையொப்பம் எடுப்பதற்காக, எங்கள் இருவரையும் தம் கைபேசிக்கு முன்னால் நிறுத்தி ஒரு எண்ணைப் படிக்கச் சொல்லிக் காணொளி எடுத்தார். பென் டிரைவ் போல இருக்கும் அந்த டி.எஸ்.சி. (டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்) டோக்கன்கள் அவருடைய முகவரிக்கே வந்தன. கடவு எண்ணையும் அவரே வைத்துக்கொண்டார். விண்ணப்பத்தில் கம்பெனியின் மின்னஞ்சல் என்ற இடத்திலும் இயக்குநர்களின் மின்னஞ்சல், கைபேசி என்ற இடங்களிலும் அவருடையவற்றையே எழுதினார். 2022 ஜூலை 12 அன்று சான்றிதழ் வந்தது. அதைச் சட்டம் போட்டுப் பட்டறையில் மாட்டி, பக்கத்துப் பட்டறைகளுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தோம். எங்கள் பெயரில் எந்தப் படிவத்திலும் கையொப்பமிடும் சாதனமும், அரசு எங்களுக்கு எழுதும் ஒவ்வொரு கடிதமும் அந்தேரியில் ஒருவரிடம் இருந்தன என்பது அன்று உறைக்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 42ஆம் பிரிவு, டிஜிட்டல் கையொப்பத்தின் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் கடமையைக் கையொப்பத்துக்கு உரியவர் மேலேயே வைக்கிறது. ஆகவே டோக்கனை விட்டுக்கொடுத்த குற்றம் சட்டத்தின் பார்வையில் எங்களுடையது.

சான்றிதழுக்குப் பிறகு செய்ய வேண்டியவை இருக்கின்றன என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் 30 நாட்களுக்குள் இயக்குநர் குழு கூடி முதல் ஆடிட்டரை நியமித்திருக்க வேண்டும். பங்குதாரர்கள் ஒப்புக்கொண்ட பங்குத் தொகையைக் கம்பெனியின் வங்கிக் கணக்கில் செலுத்தி, அதற்கான சான்றோடு ஐ.என்.சி-20ஏ என்னும் தொழில் தொடக்க அறிவிப்பை 180 நாட்களுக்குள், அதாவது 2023 ஜனவரி 8க்குள், தாக்கல் செய்திருக்க வேண்டும். 2018 நவம்பரில் கம்பெனிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 10ஏ பிரிவின்படி, இந்த அறிவிப்பு போகும்வரை கம்பெனி தொழில் தொடங்கவும் கூடாது, கடன் வாங்கவும் கூடாது. நாங்களோ சான்றிதழ் வந்த மூன்றாவது வாரத்திலேயே முதல் பில்லைப் போட்டுவிட்டோம். வாடிக்கையாளரின் பணம் கணக்கில் வந்தது, எங்கள் பங்குத் தொகை மட்டும் வரவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று செலுத்த வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது.

2024 ஆகஸ்டில் ஓவர்டிராஃப்ட் கேட்டு வங்கிக்குப் போனபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. வங்கி அதிகாரி தம் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி, எங்கள் கம்பெனி ஓர் ஆண்டறிக்கையைக்கூடத் தாக்கல் செய்யவில்லை என்று காட்டி, 20ஏ நகல் எங்கே என்று கேட்டார். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அத்தான் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

ஏஜென்டைக் கூப்பிட்டபோது, "ஆண்டுப் பராமரிப்பு" பேக்கேஜை நாங்கள் எடுக்கவில்லை என்றும், ஆகவே அது தம் பொறுப்பில்லை என்றும் சொன்னார். டோக்கன்களைத் திருப்பிக் கேட்டதற்கு, இரண்டாம் ஆண்டு முகவரி வாடகைப் பாக்கியையும் "கோப்பு ஒப்படைப்புக் கட்டணம்" என்று ஒன்றையும் சேர்த்து 18,000 ரூபாய் கட்டினால் தருவதாகச் சொன்னார். இரண்டாண்டு செல்லுபடியாகும் அந்தக் கையொப்பங்கள் ஜூலையிலேயே காலாவதியாகிவிட்டன என்பதை எங்கள் புதிய ஆடிட்டர் சொல்லியிராவிட்டால், செத்த டோக்கனுக்கு அந்தப் பணத்தையும் கட்டியிருப்போம்.

மாட்டுங்காவில் அலுவலகம் வைத்திருக்கும் அந்த ஆடிட்டர் முதலில் செய்தது, கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி எங்கள் கம்பெனியின் பொது ஆவணங்களைத் திறந்து பார்த்ததுதான். எங்கள் பெயரில் தாக்கலான விண்ணப்பத்தை நாங்கள் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் யாருடையவை என்பது அதில் இருந்தது. நாங்கள் ஒருநாளும் சந்தித்திராத தொழில்முறைக் கணக்காளர் ஒருவர், பதிவு அலுவலகத்துக்கு நேரில் சென்று பார்த்ததாக அதில் உறுதி கூறிக் கையொப்பமிட்டிருந்தார். அவர் போய்ப் பார்த்திருந்தால் அங்கே பையும் இல்லை, தையல் இயந்திரமும் இல்லை என்பது தெரிந்திருக்கும்.

பிறகு கணக்குத் தீர்த்த படலம். அப்போதிருந்த விதிப்படி 2023 செப்டம்பர் 30க்குள் செய்திருக்க வேண்டிய டி.ஐ.ஆர்-3 கே.ஒய்.சி. என்னும் இயக்குநர் விவரச் சரிபார்ப்பு தவறியதால் எங்கள் இருவரின் இயக்குநர் எண்களும் முடங்கியிருந்தன. அவற்றை உயிர்ப்பிக்க ஆளுக்கு 5,000. முதல் நிதியாண்டின் கணக்கைச் சொல்லும் ஏ.ஓ.சி-4 படிவம் 2024 ஜனவரி 30க்குள் போயிருக்க வேண்டியது. செப்டம்பர் 16 அன்று தாக்கல் செய்தோம். 230 நாள், நாளொன்றுக்கு 100 ரூபாய், ஆக 23,000. ஆண்டறிக்கையான எம்.ஜி.டி-7ஏ அன்றே போனது. அது 200 நாள் தாமதம், 20,000. இந்த நூறு ரூபாய்க்கு உச்ச வரம்பு கிடையாது, படிவம் போகும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். 20ஏ படிவத்துக்குக் கூடுதல் கட்டணமாக 3,600. புதிய டோக்கன்கள், ஆடிட்டரின் கட்டணம், பதிவு அலுவலகத்தைத் தாராவிக்கே மாற்றிய செலவு ஆகியவை தனி.

இதற்கிடையில் என் சித்தி மகன், சயான் கோலிவாடாவில் மசாலாப் பொடி அரைப்பவன், 2023இல் தன் கம்பெனியைத் தானே பதிவு செய்திருந்தான். தானே என்றாலும் முழுக்கத் தனியாக முடியாது. கம்பெனிச் சட்டம் 2013இன் 7ஆம் பிரிவின்படி, தொழில் நடத்தும் ஆடிட்டர், கம்பெனி செயலர், காஸ்ட் அக்கவுன்டன்ட், வழக்கறிஞர் ஆகியோரில் ஒருவரின் உறுதிமொழி வேண்டும். அதற்கு மட்டும் ஓர் ஆடிட்டருக்கு 4,000 கொடுத்தான். இரண்டு டோக்கன்களுக்கு 3,000, பெயர் ஒதுக்கீட்டுக்கு 1,000, முத்திரைத் தீர்வை 1,300. சில்லறைகள் நீங்கலாக 9,300 ரூபாயில் முடித்தான். சிரமம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவன் கேட்ட முதல் பெயர் வேறொருவரின் வணிகக் குறியோடு ஒத்திருந்ததால் விண்ணப்பம் திரும்பி வந்தது. கையொப்பச் சாதனம் கணினியில் ஏறாமல் இரண்டு இரவுகள் போயின. மூன்று வாரம் கடை வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இதிலேயே உட்கார்ந்திருந்தான். ஆனால் எங்களுக்கு வராத ஒன்று அவனுக்கு வந்தது: ஒவ்வொரு கட்டத்தையும் தானே நிரப்பியதால் தன் கம்பெனியில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. 180 நாள் கெடுவைப் பற்றிய மின்னஞ்சல் அவனுடைய கைபேசிக்கே வந்தது.

ஆகவே ஏஜென்டே வேண்டாம் என்பதல்ல என் பேச்சு. படிவத்தோடு மல்லுக்கட்ட நேரமில்லாதவர்கள் தாராளமாக ஆள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் உறுப்பினர் எண்ணோடு தொழில் நடத்தும் ஆடிட்டரா, கம்பெனி செயலரா என்று முதலில் கேளுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும்தான் இருக்க வேண்டும், ஓ.டி.பி. உங்களுக்குத்தான் வர வேண்டும். அரசுக்குக் கட்டியதாகச் சொல்லும் ஒவ்வொரு ரூபாய்க்கும் சலான் கேளுங்கள். சலான் இல்லாத "ஃபீ" அவருடைய பைக்குப் போனது. டோக்கனைக் கடவு எண்ணோடு அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். கையொப்பமிட வேண்டிய நாளில் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். ஏற்கெனவே ஏஜென்ட் மூலம் பதிவு செய்திருப்பவர்கள், சான்றிதழ் தேதியிலிருந்து 180 நாள் எந்நாளில் முடிகிறது என்று இன்றிரவே நாட்காட்டியில் எண்ணிப் பாருங்கள்.

10ஏ பிரிவை மீறியதற்கான அபராதம் மேலே சொன்ன 56,600 ரூபாயில் சேராது. சட்டம் சொல்வது கம்பெனிக்கு 50,000 ரூபாய், தவறிய ஒவ்வொரு இயக்குநருக்கும் நாளொன்றுக்கு 1,000 வீதம் 1 லட்சம் வரை. எங்களைப் போன்ற சிறு கம்பெனிகளுக்கு அதில் பாதிக்கு மேல் விதிக்க முடியாது என்று 446பி பிரிவு சொல்வதாக ஆடிட்டர் ஆறுதல் கூறினார். பாதி என்றாலும் கம்பெனிக்கும் எங்கள் இருவருக்குமாக 1,25,000 வரை போகலாம். தவறை நாங்களே ஒப்புக்கொண்டு மனு கொடுத்திருக்கிறோம். உத்தரவு இன்னும் வரவில்லை. ஏஜென்ட் மீது 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். பார்க்காத இடத்தைப் பார்த்ததாக எழுதிக் கொடுத்தவர் மீது அவருடைய தொழில் அமைப்பிடம் கொடுக்க வேண்டிய புகாரை அத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.