ரீலோடிங் கையேடுகள்: மேசையில் நிலைத்தவையும் அலமாரிக்குப் போனவையும்

ரீலோடிங் என்பது சுட்டுக் காலியான பித்தளைக் கூட்டை (கேஸ்) மறுபடி நிரப்பித் தோட்டாவாக்குவது. அதைத் தொடங்குபவர் முதலில் கேட்பது எந்தப் பிரஸ் (கைப்பிடி அழுத்து கருவி) வாங்கலாம் என்பதைத்தான். எந்தப் புல்லட்டுக்கு எவ்வளவு பவுடர் (வெடிமருந்து) என்று சொல்லும் கையேடு பற்றிக் கேட்பவர் குறைவு. கிட்டோடு ஏதோ ஒன்று வருமே, அது போதாதா என்ற நினைப்பு. பிரஸ் சுமாராக இருந்தால் வேலை மெதுவாகும், அவ்வளவுதான். கையேட்டைத் தப்பாகப் படித்தால் துப்பாக்கி போகும், விரலும் போகலாம்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கச் சூழலுக்கு. அங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகத் தயாரித்தால் தேவை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதே குற்றம். அமெரிக்காவில் குடியேறி இந்தப் பொழுதுபோக்குக்கு வரும் நம்மவர்களுக்கு முதல் தடுமாற்றம் அளவுகளில் வரும். பவுடர் எடை கிரெய்னில் இருக்கும். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 15.43 கிரெய்ன், ஒரு பவுண்டுக்கு 7000. மின்னணுத் தராசு கிராமில் நிற்கிறதா கிரெய்னில் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் திரையைப் பார்க்க வேண்டும்.

முதல் நூலாக லைமன் கையேட்டைத்தான் சொல்வோம். 50ஆம் பதிப்போ அதற்குப் பின் வந்ததோ, புதிதாகக் கிடைப்பதை வாங்குங்கள். லைமன் பிரஸ், டை (கேஸைச் சரியான வடிவுக்குக் கொண்டுவரும் அச்சு), ஈயக்குண்டு அச்சு போன்ற கருவிகளை விற்கும் கம்பெனி. பவுடர் தயாரிப்பதில்லை, செம்பு உறையிட்ட புல்லட்டும் தயாரிப்பதில்லை. அதனால் அதன் அட்டவணையில் பல கம்பெனிகளின் புல்லட்டும் பல கம்பெனிகளின் பவுடரும் கலந்தே வரும். தொடக்க அளவு, உச்ச அளவு, அவற்றின் வேகம், பெரும்பாலும் அழுத்தமும் சேர்த்தே அச்சிட்டிருப்பார்கள். வார்த்த ஈயக்குண்டுக்கும் அளவுகள் உண்டு. மற்ற பெரிய கையேடுகளில் அது அரிது.

ஆனால் தொடக்கக்காரருக்கு அட்டவணையை விட அதன் முன்பகுதிதான் முக்கியம். கேஸைச் சோதிப்பது, ரீசைஸ் செய்வது (பழைய அளவுக்குச் சுருக்குவது), நீளம் வெட்டுவது, பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) அழுத்துவது, பவுடர் போடுவது, புல்லட் பொருத்துவது, கேஸ் வாயை இறுக்கும் கிரிம்ப் என்று வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறார்கள். பிரஸ் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே அந்தப் பகுதியைப் படித்து முடித்துவிடுங்கள்.

அதைப் படிக்காமல் விட்டால் என்ன ஆகும்? கைத்துப்பாக்கிக்கான .38 ஸ்பெஷல் கேஸை கடினமான கார்பைடு டையில் எண்ணெய் தடவாமலே ரீசைஸ் செய்யலாம். அந்தப் பழக்கத்தோடு .308 வின்செஸ்டர் கேஸை டையில் ஏற்றினால் உள்ளே சிக்கிக்கொள்ளும். கழுத்து குறுகிய ரைஃபிள் கேஸுக்கு லூப் (உயவு எண்ணெய்) கட்டாயம். கைப்பிடியை வலுவாக இழுத்தால் விளிம்பு கிழியும், கேஸ் டைக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு பிரைமர் குழியைத் துளையிட்டு, மரை வெட்டி, திருகு போட்டு வெளியே இழுக்க வேண்டியதுதான். அரை நாள் வேலை.

அடுத்தது கேஸ் நீளம். .308 கேஸ் 2.015 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, வெட்டினால் 2.005க்கு வெட்டுவார்கள். ஒவ்வொரு முறை சுட்டு ரீசைஸ் செய்யும்போதும் பித்தளை கொஞ்சம் முன்னால் நகரும். நீளம் கூடிய கேஸின் வாய் சேம்பர் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) முனையில் இடித்து, புல்லட்டை விடாமல் இறுக்கிப் பிடிக்கும். பவுடர் அளவு சரியாக இருந்தும் அழுத்தம் தாறுமாறாக ஏறும். அட்டவணையில் அளவு சரியாகத்தானே இருக்கிறது என்று குழம்புபவர்கள் அந்தப் பக்கத்தின் மேலே நீள வரம்போடு இருக்கும் கேஸ் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது நூல், நீங்கள் வாங்கும் புல்லட்டின் கம்பெனி போடும் கையேடு. ஹார்னடி புல்லட் என்றால் ஹார்னடி, நாஸ்லர் என்றால் நாஸ்லர். எடை ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைத்து ஒரு கம்பெனி அளவை இன்னொரு கம்பெனி புல்லட்டுக்குப் போடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. முழுச் செம்புக் குண்டு அதே எடையுள்ள ஈயக்கரு குண்டை விட நீளமானது, ஏனென்றால் ஈயத்தை விடச் செம்புக்கு அடர்த்தி குறைவு. நீளமான குண்டு கேஸுக்குள் கூடுதல் இடத்தை எடுத்துக்கொள்ளும். இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். 9 மிமீ போன்ற சிறிய கேஸில் இது இன்னும் கடுமை. 9 மிமீ லூகர் தோட்டாவின் மொத்த நீளத்துக்கு, அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டாத் தர அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ வைத்திருக்கும் உச்சம் 1.169 அங்குலம். கையேடு ஒவ்வொரு புல்லட்டுக்கும் தனியாக ஒரு நீளம் கொடுத்திருக்கும். சோதித்தது அந்த நீளத்தில்தான். அதை விட ஆழமாகப் புல்லட்டை இறக்கினால், அச்சிட்ட பவுடர் அளவுக்கு அர்த்தமே இல்லை.

ஹார்னடி கையேட்டைப் பழகக் கொஞ்சம் நாள் பிடிக்கும். மேல் வரிசையில் வேகம், இடப்பக்கம் பவுடர் பெயர், கட்டத்துக்குள் கிரெய்ன். வேண்டிய வேகத்துக்கு எந்தப் பவுடரில் எவ்வளவு என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். குறை என்னவென்றால் அழுத்தம் போட்டிருக்காது. நாஸ்லரில் வேறொரு வசதி: அந்த அளவு பவுடர் கேஸில் எத்தனை சதவீதத்தை நிரப்பும் என்று கொடுத்திருப்பார்கள். தொடக்கக்காரருக்கு இந்தச் சதவீதம் தங்கம் மாதிரி. 50க்குக் கீழே இருந்தால் தெரியாமல் இரண்டு முறை பவுடர் போட்டாலும் கேஸ் வழியாது, தவறு கண்ணில் படாமல் போகும். .38 ஸ்பெஷல் கரும்பவுடர் காலத்தில், உள்ளே நிறைய இடத்தோடு உருவான கேஸ். வேகமாக எரியும் பவுடர் அதன் அடியில் கொஞ்சமாகத்தான் கிடக்கும். அதனால்தான் 50 கேஸையும் பிளாக்கில் (குழிகள் உள்ள பலகை) நிறுத்தி, விளக்கைப் பிடித்து, புல்லட் வைக்கும் முன் ஒவ்வொன்றின் உள்ளேயும் எட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

கருவிக் கம்பெனியான லீயின் கையேட்டைத் திட்டுபவர்களும் உண்டு, தலையில் வைத்துக் கொண்டாடுபவர்களும் உண்டு. ஏராளமான அளவுகள் ஒரே புத்தகத்தில் கிடைக்கும். ஆனால் அவை பெரும்பாலும் பவுடர் கம்பெனிகளின் அட்டவணைகளைத் தொகுத்தவை. பவுடர் கரண்டிக்கு ஏற்ற கன அளவும் போட்டிருப்பதால், அந்தக் கம்பெனிக் கருவி வைத்திருப்பவருக்குக் கைகொடுக்கும். அதன் கருவிகளைப் புகழும் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிடலாம். முதல் நூலாக வேண்டாம், மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம்.

பவுடர் கம்பெனிகளின் இணையதளங்கள் இலவசம். ஹாட்க்டன் தளத்தில் ஹாட்க்டன், ஐஎம்ஆர், வின்செஸ்டர் பவுடர்கள் மூன்றுக்கும் அளவு, வேகம், அழுத்தம், பிரைமர், குழல் நீளம் எல்லாம் இருக்கும். ஆனால் அங்கே ஏன் என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டியதுதான். இரண்டு மூலங்களில் ஒரே புல்லட், ஒரே பவுடருக்கு உச்ச அளவு வேறாக இருந்தால் பதற வேண்டாம். சோதித்த குழல் வேறு, பிரைமர் வேறு, கேஸ் வேறு. இரண்டில் குறைவான தொடக்க அளவிலிருந்து ஏறுங்கள்.

ஒப்பிடும்போது அழுத்தத்தின் அலகையும் பாருங்கள். .308க்கு எஸ்ஏஏஎம்ஐ உச்சம் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). செம்பு உருளையை நசுக்கி அளக்கும் பழைய முறையில் அதுவே 52,000 சியூபி. இரண்டும் ஒரே உச்சம்தான். ஒரு நூலில் சியூபியும் இன்னொன்றில் பிஎஸ்ஐயும் இருக்க, இன்னும் 10,000 இடம் இருக்கிறதே என்று கணக்குப் போடுபவர்களைப் பார்க்கலாம். ஒன்றை இன்னொன்றாக மாற்ற நேரான சூத்திரம் எதுவும் கிடையாது.

பவுடர் பெயர்தான் எல்லாவற்றிலும் மோசமான பொறி. எச் 4350, ஐஎம்ஆர் 4350, அக்யூரேட் 4350 மூன்றும் மூன்று வெவ்வேறு பவுடர்கள். ஒன்றுக்கு அச்சிட்ட அளவை மற்றொன்றுக்குப் போடக்கூடாது. இன்னொரு பக்கம், எச்பி 38ம் வின்செஸ்டர் 231ம் ஒரே பவுடர்; எச் 110ம் வின்செஸ்டர் 296ம் ஒரே பவுடர். எண் ஒன்றாக இருந்தும் பொருள் வேறு, பெயர் வேறாக இருந்தும் பொருள் ஒன்று! டப்பாவின் லேபிளை அட்டவணை வரியின் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான் இருக்க வேண்டும்.

உச்ச அளவு மட்டும் இருந்தால் 10 சதவீதம் குறைத்துத் தொடங்கு என்ற பொதுவிதி பல நூல்களில் வரும். எச் 110, 296 இரண்டுக்கும் அது பொருந்தாது. 3 சதவீதத்துக்கு மேல் குறைக்கக்கூடாது என்று ஹாட்க்டனே எச்சரிக்கிறது. குறைத்தால் சரியாகப் பற்றாமல் புல்லட் குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும்.

பழைய கையேடுகள் பழைய புத்தகக் கடைகளிலும் துப்பாக்கிச் சந்தைகளிலும் மலிவாகக் கிடைக்கும். படிக்க நன்றாக இருக்கும், அளவு எடுக்க வேண்டாம். பெயர் அதே இருந்தாலும் பவுடர் தயாராகும் இடமும் அதன் போக்கும் மாறியிருக்கலாம். அன்று அழுத்தம் அளந்த விதமும் வேறு. ஒரே ஒரு தோட்டா வகைக்கு, பல கையேட்டுப் பக்கங்களை நகலெடுத்துச் சுருள் கம்பியில் கட்டிய சிறு நூல்கள் ரைஃபிள் ஒன்று மட்டும் வைத்திருப்பவருக்கு வசதி. மேசையில் விரித்தால் மடங்காமல் கிடக்கும். கெட்டி அட்டை நூல்களில் இது பெரிய தொல்லை. ஆனால் உள்ளே இருக்கும் பக்கங்கள் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தவை என்று பார்த்து வாங்குங்கள்.

ஷாட்கன் தோட்டாவுக்கு மேலே சொன்ன எந்த நூலும் போதாது. தனி ஷாட்ஷெல் கையேடு வேண்டும். அதில் ஓடு, பிரைமர், வாட் (பவுடருக்கும் சன்னங்களுக்கும் நடுவே வரும் அடைப்பு), பவுடர், சன்னங்களின் எடை ஐந்தும் அச்சிட்டபடியே இருக்க வேண்டும், ஒன்றைக்கூட மாற்றக்கூடாது.

கையேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதும் பழக்கம் நல்லதுதான். ஆனால் அளவை அங்கே எழுதாதீர்கள். அடுத்த வருடம் அச்சிட்ட எண் எது, நீங்கள் எழுதிய எண் எது என்று குழப்பம் வரும். அளவுக்குத் தனி நோட்டு: புல்லட், பவுடர் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண், பிரைமர், கேஸ் எத்தனை முறை சுட்டது, மொத்த நீளம். இணையதளத்திலிருந்து எடுத்த அச்சுப் பக்கங்களை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். தளத்தில் அளவுகள் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் அச்சில் தேதி இல்லாவிட்டால் மேல் மூலையில் பேனாவால் எழுதிவிடுங்கள்.