ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டிய 11 குறும்படங்கள்

ஒரு சுயாதீன இயக்குநர், 2001 முதல் 2011 வரை தான் எடுத்த 11 குறும்படங்களையும் யூடியூபில் இலவசமாக ஏற்றிவிட்டார். எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மிகச் சிறியது 4 நிமிடம், மிக நீளமானது 17 நிமிடம். பணம் கேட்கவில்லை, பதிவு செய்யச் சொல்லவில்லை. தூங்கப் போகும் முன் ஒன்று பார்க்கலாம் என்று உட்கார்ந்தவள், இரண்டே இரவில் அத்தனையும் பார்த்து முடித்தேன். அதன்பிறகு ஒருமுறை திரையை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்க மட்டும் செய்தேன்.

என் வேலை ஒலி. படப்பிடிப்பில் வசனம் பதிவு செய்வேன், பிறகு அதைச் சுத்தம் செய்து கலந்து கொடுப்பேன். எந்தப் படமாக இருந்தாலும் என் காதுதான் முதலில் உள்ளே போகும். இந்த விமர்சனமும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

குறும்படத்தின் ஆயுள் எவ்வளவு என்று எடுத்தவர்களுக்குத் தெரியும். ஒன்றிரண்டு ஆண்டுகள் விழாக்களுக்குச் சுற்றும். பல விழாக்கள் இணையத்தில் வந்த படத்தை எடுத்துக்கொள்வதில்லை, அதனால் அதுவரை பூட்டியே வைத்திருக்க வேண்டும். சுற்று முடிந்ததும் கேட்பாரில்லை. நாலு நண்பர்களுக்கு டிவிடி எழுதிக் கொடுப்போம், மிச்சம் ஒரு ஹார்ட் டிஸ்கில் கிடக்கும். நான் முதன்முதலாக ஒலி செய்த 14 நிமிடப் படம் அப்படித்தான் கிடந்தது. ஒருநாள் அந்த டிஸ்க் திறக்கவில்லை. வேறு பிரதி இல்லை. அதில் நடித்தவர்களில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய மகன் கேட்டபோது கொடுக்க என்னிடம் ஒரு நொடிகூட இல்லை. அதனால்தான் யாராவது தன் பழைய படங்களைத் தூசி தட்டி வெளியே வைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

முதலில் ஒரு குறை. ஏற்றிய வரிசையில்தான் பட்டியல் இருக்கிறது, எடுத்த வரிசையில் இல்லை. 2008, அடுத்து 2002, அடுத்து 2011 என்று தாறுமாறாக வருகிறது. தயவுசெய்து ஆண்டு பார்த்து, 2001-லிருந்து தொடங்குங்கள். அப்படிப் பார்த்தால்தான் ஒரு மனிதர் கேட்கக் கற்றுக்கொள்வது தெரியும்.

2001 படம் 6 நிமிடம். தொலைபேசிக் கூண்டுக்கு வெளியே ஒருவர் ஓர் அழைப்புக்காகக் காத்திருக்கிறார், அவ்வளவுதான் கதை. சின்ன நாடாவில் பதியும் மினிடிவி (MiniDV) கேமராவில், அதன் தலையிலேயே இருக்கும் மைக்கில் பதிவு செய்தது. காற்று நேராக மைக்கில் மோதிப் 'புடுபுடு'வென்று அடிக்கிறது. வசனத்தில் பாதியை அது விழுங்கிவிடுகிறது. அதற்கும் அடியில் ஒரு மெல்லிய ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். நாடாவைச் சுழற்றும் மோட்டார் அது. அந்தக் காலத்துக் கேமராக்களோடு பழகியவர்களுக்குக் கேட்டவுடனே அடையாளம் தெரிந்துவிடும். இன்னொன்றும் நடக்கிறது. அவர் பேசாமல் நிற்கும்போது இரைச்சல் மெல்ல மெல்ல எழும்புகிறது, வாயைத் திறந்ததும் சட்டென்று அமுங்குகிறது. ஒலி அளவை ஏற்றுவதும் இறக்குவதும் கேமராவே தானாகச் செய்ததால் வந்த வினை. அமைதி வந்தால் அதற்குப் பொறுக்காது, எதையாவது கேட்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டே போகும்.

இதையெல்லாம் இன்றைக்கு இருக்கிற மென்பொருளில் அரை மணி நேரத்தில் துடைத்துவிடலாம். அவர் துடைக்கவில்லை. படத்தின் கீழே எழுதியிருக்கும் குறிப்பில் காற்றைத் தொடவில்லை என்றே சொல்லியிருக்கிறார். நான் அவர் பக்கம். துடைத்திருந்தால் இது இப்போதைய படத்துக்கும் அப்போதைய படத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கும் ஒன்றாகியிருக்கும். தவிர, துடைக்கும்போது காற்று மட்டும் போவதில்லை, குரலின் அடியும் சேர்ந்து போகும். மனிதர் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும்.

2002 படத்தில் ஒலி மங்கலாக இருக்கிறது. அதற்கும் காரணம் எழுதியிருக்கிறார். மினிடிவியில் ஒலியை 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியலாம், அல்லது தரம் குறைந்த 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸில் பதியலாம். கேமரா இரண்டாவதில் இருந்ததைப் படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் கவனித்தாராம். நானும் அதே பிழையைச் செய்திருக்கிறேன். மைக் கேமராவை விட்டு இறங்கியது 2003-இல். ஒரு கேபிள், ஒரு கம்பு, கம்பைப் பிடிக்க ஒரு நண்பர். முதல் காட்சியிலேயே வித்தியாசம் கேட்கிறது, பேசுகிறவர் திடீரென்று நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போல இருக்கும்.

நான் நாலைந்து முறை திரும்பத் திரும்பப் பார்த்தது 2005-இல் எடுத்த 17 நிமிடப் படம். அம்மா இறந்த பிறகு அக்காவும் தங்கையும் வீட்டுச் சாமான்களைப் பங்கு பிரிக்கிறார்கள். சண்டை கிடையாது, அழுகையும் கிடையாது. ஒவ்வொன்றாக எடுப்பதும், நீ வைத்துக்கொள், இல்லை நீ வைத்துக்கொள் என்பதும்தான் படம் முழுக்க. நடுவில் அம்மாவின் மூக்குக் கண்ணாடி கிடைக்கிறது. தங்கை அதைப் போட்டுப் பார்க்கிறாள். அப்போது கேமரா அவள் கண்ணாகி, அக்காவின் முகம் கலங்கிப் போகிறது. கலங்கிய அந்த முகத்திலேயே ஷாட் நிற்கிறது, ஏறக்குறைய 40 நொடி. வெட்டவில்லை. அந்த 40 நொடியும் அக்கா எதையோ மடித்துக்கொண்டிருக்கும் துணிச் சத்தம் மட்டும் மிகத் தெளிவாகக் கேட்கிறது. கண்ணுக்கு எதுவும் பிடிபடாதபோது காது எவ்வளவு விழித்துக்கொள்ளும் என்பதை அவர் எப்படியோ கண்டுபிடித்திருக்கிறார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கும்போது 'டக்' என்று ஒரு சின்ன ஒலி வரும். எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

இந்தப் படத்தை அவர் 2007-இலேயே இணையத்தில் ஏற்றியிருந்தாராம், இரண்டு துண்டாக. அப்போது யூடியூபில் சாதாரணக் கணக்குக்கு 10 நிமிட வரம்பு இருந்தது, 2010-இல்தான் 15 ஆனது. அன்று துண்டு விழுந்தது சரியாக அந்த 40 நொடிக்கு முன்னால். எத்தனை பேர் முதல் பாதியோடு எழுந்து போயிருப்பார்களோ! இப்போது ஒரே கோப்பாக, முழுசாக இருக்கிறது. இந்த ஒன்றுக்காகவே மறுபடி ஏற்றியது சரி.

கடிகாரம் பழுது பார்ப்பவரைப் பற்றிய 2004 படத்தில் ஒரு கோளாறு. பழைய நாடாப் படங்கள் 4:3 அளவுக்கு, அதாவது அகலம் நாலு பங்கு, உயரம் மூன்று பங்கு என்று எடுக்கப்பட்டவை. இதை மட்டும் ஏற்றும்போது அகலத் திரை அளவான 16:9-க்கு இழுத்துவிட்டார்கள் போல. படம் முழுக்க வட்டக் கடிகாரங்கள். ஒன்றுகூட வட்டமாக இல்லை, எல்லாம் பக்கவாட்டில் இழுபட்ட முட்டை. நடித்தவரின் முகமும் அகன்றுபோய் வேறு ஆள் போலத் தெரிகிறது. இருபுறமும் கறுப்புப் பட்டை விட்டால் போதும், சரியாகிவிடும். வேகமாக ஏதாவது அசையும்போது விளிம்பெல்லாம் சீப்புப் பல்லாகப் பிரிவதும் இதில் இருக்கிறது. ஒரு சட்டகத்தை ஒற்றைவரி, இரட்டைவரி என இரண்டு புலமாகப் பிரித்து எடுக்கிற பழைய முறையின் மிச்சம் அது. மற்ற படங்களில் அதைச் சரியாகச் சேர்த்திருக்கிறார்கள். பெண்டுலம் ஆடுகிற படத்திலேயே விட்டுப்போனதுதான் வருத்தம்.

2007 படம், அப்பா மகளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுக்கிறது, எனக்குப் பெரிய ஏமாற்றம். அவர் தப்பு என்று சொல்ல முடியாது. அவள் முதன்முறை தனியாக ஓட்டும் இடத்தில் ஏறக்குறைய இரண்டு நிமிடம் சத்தமே இல்லை. அங்கே ஒரு பாட்டு இருந்ததாம். விழாக்களில் திரையிட மட்டும் உரிமை வாங்கியது, இணையத்துக்குச் செல்லாது. விழா உரிமை மலிவாகக் கிடைக்கும் என்று அதை மட்டும் வாங்கிவிட்டுப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புதிதாகப் படம் எடுக்கிறவர்கள் இந்த இரண்டு நிமிட ஊமைத்தனத்தை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு யோசனை: பாட்டின் அடியில் அன்று பதிவான சைக்கிள் சத்தம் தனித் தடமாக இருந்தால் அதை மட்டும் திறந்துவிடலாம். சங்கிலி ஓடும் சத்தமும் அப்பா பின்னால் ஓடிவரும் மூச்சும் அந்தக் காட்சிக்குப் போதும்.

2009-இல் கேமரா மாறுகிறது. பெரிய சென்சார் கொண்ட முழுச் சட்டக டிஎஸ்எல்ஆர் புகைப்படக் கேமராவில் வீடியோ எடுக்கலாம் என்று 2008-இல் கேனான் 5டி மார்க் 2 வந்தபோது குறும்பட உலகமே அதன் பின்னால் ஓடியது, இவரும் ஓடியிருக்கிறார். 2009-இன் இரண்டு படங்களும் பார்க்க அழகு, ஆனால் எனக்கு ஒட்டவில்லை. பின்னணி எல்லாம் பஞ்சாகக் கலங்கிக் கிடக்கிறது. ஆள் எந்த இடத்தில் நிற்கிறார் என்றே தெரிவதில்லை. 2005-இல் ஒரே ஒருமுறை கலங்கியதற்கு அர்த்தம் இருந்தது. ஒலிக்கு மட்டும் இந்தக் கேமரா நல்லது செய்திருக்கிறது. வந்த புதிதில் அதில் ஒலி அளவைக் கையால் வைக்க வழியில்லை, 2010-இல் வந்த மென்பொருள் புதுப்பிப்பில்தான் அந்த வசதி கிடைத்தது. அதனால் தனி ரெக்கார்டர் வாங்கி, ஒலியும் படமும் பொருந்த அடையாளமாகக் கைதட்டி, பின்னால் படத்தோடு சேர்த்திருக்கிறார். வேறு வழியில்லாமல் வாங்கிய அந்தக் கருவிதான் அவரைக் கடைசிப் படத்துக்குக் கொண்டுபோனது என்று நினைக்கிறேன்.

கடைசிப் படம், 2011, 4 நிமிடம். ஒரே ஷாட். ஓர் அறையைக் காலி செய்கிறார்கள். கேமரா மூலையில் அசையாமல் நிற்கிறது. அலமாரி போகிறது, மெத்தை போகிறது, திரைச்சீலை இறங்குகிறது. பேச்சு அதிகம் இல்லை: பிடி, பார்த்து, வாசல் இருக்கு, அவ்வளவுதான். திரையை அணைத்துவிட்டுக் கேட்டபோதுதான் இதில் அவர் செய்திருப்பது எனக்குப் புரிந்தது. மெத்தையும் துணியும் இருக்கிற அறை ஒலியை உறிஞ்சிக்கொள்ளும், வெறும் சுவர் திருப்பி அடிக்கும். தொடக்கத்தில் காலடிச் சத்தம் அமுங்கிக் கேட்கிறது. ஒவ்வொரு சாமான் வெளியேறும்போதும் கொஞ்சம் நீள்கிறது. கடைசியில் ஒருவர் மட்டும் உள்ளே வந்து நடுவில் நின்று, விளக்கை அணைக்கும்போது அந்த சுவிட்சின் சத்தம் நாலு சுவரிலும் பட்டுத் திரும்புகிறது. எந்த எதிரொலியையும் பிறகு சேர்க்கவில்லை, அறையில் நடந்ததுதான் என்று குறிப்பில் இருக்கிறது. நம்புகிறேன். செயற்கையாகப் போட்டு இவ்வளவு படிப்படியாக வரவைப்பது கடினம்.

அதற்குப் பத்தாண்டுக்கு முன் காற்றில் வசனத்தைப் பறிகொடுத்தவர் இவர்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ள குறிப்புகளைத் தவறவிடாதீர்கள். எந்தக் கேமரா, எத்தனை நாள், எது கைவிட்டுப் போனது என்று சுருக்கமாக, பாசாங்கில்லாமல் எழுதியிருக்கிறார். நாடாவிலிருந்து கணினிக்கு எடுத்த கதை தனியாக ஒரு குறிப்பு. 60 நிமிட நாடாவை எடுக்க 60 நிமிடம் உட்கார வேண்டும், அவசரப்படுத்த முடியாது. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி இடம் பிடிக்கும். அவரிடம் இருந்தவை 40 நாடாக்களுக்கு மேல். இலவசம் என்று நமக்கு ஒரே சொல்லில் முடிகிற விஷயத்துக்குப் பின்னால் அத்தனை மணி நேரம் இருக்கிறது.

சொந்த இசை உள்ள 8 படங்களை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்திருக்கிறார். பெயரைக் குறிப்பிட்டு, வணிக நோக்கமில்லாமல், வகுப்பிலோ சிறு திரையிடலிலோ காட்டலாம். அவற்றின் மூலக்கோப்புகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்திலும் இருக்கின்றன, முடிந்தால் அங்கிருந்து இறக்கிப் பாருங்கள். யூடியூப் எதையும் மறுபடி சுருக்கித்தான் காட்டும், அதில் மென்மையான ஒலிகள் முதலில் அடிபடும். விளம்பரத்தை அவர் போடாவிட்டாலும் நடுவில் வரக்கூடும்; அந்த 40 நொடியில் விளம்பரம் வந்தால் தாங்காது. ஒலி அளவும் படத்துக்குப் படம் மாறுகிறது, பழையவை மெலிதாக இருக்கும், கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

2008-இல் எடுத்த 12 நிமிடப் படத்தில் சப்டைட்டில் போகப்போகப் பின்தங்கி, முடிவில் அரை நிமிடம் தள்ளி வந்தது. நொடிக்கு 24 சட்டகக் கணக்கில் செய்த கோப்பை 25 சட்டகப் படத்தில் போட்டால் அப்படித்தான் ஆகும். எழுதிச் சொன்னேன், மூன்றே நாளில் சரிசெய்துவிட்டார். பதிலில் இன்னொன்றும் சொல்லியிருந்தார். பன்னிரண்டாவதாக ஒரு படம் உண்டு, 2006-இல் எடுத்தது, ஆனால் நாடாவைப் போட்டால் திரை முழுக்கச் சதுரக் கட்டங்களாக உடைகிறதாம். அவரிடம் இருக்கும் கேமராவில் நாடாவைப் படிக்கும் தலை தேய்ந்திருக்கலாம். என்னிடம் நல்ல நிலையில் ஒரு மினிடிவி டெக், அதாவது நாடாவை ஓட்டும் கருவி இருக்கிறது, அனுப்புங்கள் என்று எழுதினேன். அடுத்த வாரம் வருகிறது. தலையைத் துடைக்கும் கேசட்டைத் தேடி எடுத்து வைத்துவிட்டேன்.