57 கிலோ கனவுக்கு ஒரு மின்னணு எடைமேடை

ஆடவர் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தின் 57 கிலோ பிரிவுக்குத் தயாராகும் என் தம்பிக்காக வாங்கிய இந்த எடைமேடை, 50 கிராம் வித்தியாசத்தையும் தெளிவாகக் காட்டுகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதே பிரிவில் வெண்கலம் வென்ற அமன் செராவத், அரையிறுதியில் தோற்ற பின் ஒரே இரவில் ஏறத்தாழ 4.6 கிலோவைக் குறைத்தே மறுநாள் எடை பார்க்கச் சென்றார் என்பதையும், மகளிர் 50 கிலோ இறுதிச்சுற்றுக்கு வந்திருந்த வினேஷ் போகத் வெறும் 100 கிராம் கூடியதால் தகுதியிழந்தார் என்பதையும் நினைத்தால், இந்த நுட்பத்தை ஆடம்பரம் என்று சொல்ல மனம் வரவில்லை.

ஆயினும் பயிற்சி விரிப்பின் மீது வைத்தால் எண்கள் தடுமாறுகின்றன; சமமான, கடினமான தரை அவசியம். திரையும் சற்று மங்கல்தான். பிற வசதிகளில் குறையில்லை. எடைக்கல் வைத்துச் சரிபார்த்துத் திருத்திக்கொள்ள முடிவதே, வீட்டு உபயோகக் கருவிகளைவிட இதற்கு நான் கூடுதல் மதிப்பெண் தரக் காரணம்.