லேப்டாப் திரை: ‘ஃபுல் ஹெச்டி, ஐபிஎஸ்’ என்று எழுதியிருந்தால் போதுமா?

புத்தகப் பக்க அமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் வேலை. அவ்வப்போது அட்டை வடிவமைப்பும் வரும். காலையில் திறக்கும் லேப்டாப்பை இரவுதான் மூடுகிறேன், பத்தாண்டுகளுக்கு மேலாக இப்படித்தான் போகிறது. பிராசஸர் ஒரு தலைமுறை பழையது என்பதால் என் வேலை ஒருநாளும் நின்றதில்லை. திரை மோசமாக இருந்தபோது கண்ணும் வலித்தது, வேலையும் கெட்டது. ஆனால் விளம்பரத்தில் பிராசஸருக்கு ஒரு பத்தி எழுதுகிறார்கள், திரைக்கு அரை வரிதான். அந்த அரை வரியில் எதைப் பார்க்க வேண்டும் என்பது பற்றித்தான் இந்தப் பகிர்வு.

லேப்டாப் நிறுவனங்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் பயனில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் திரையைத் தாங்களே செய்வதில்லை. தைவானின் ஏயுஓ (முன்பு ஏயு ஆப்ட்ரானிக்ஸ்), இன்னோலக்ஸ், சீனாவின் பிஓஇ, கொரியாவின் எல்ஜி டிஸ்ப்ளே, சாம்சங் டிஸ்ப்ளே போன்றவர்களிடம் பேனலை வாங்கிப் பொருத்துகிறார்கள். ஒரே மாடலுக்கே இரண்டு மூன்று இடங்களிலிருந்து பேனல் வரும். நானும் நண்பரும் ஒரே மாடலை ஏறக்குறைய ஒரே சமயத்தில் வாங்கினோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவருடையதில் வெள்ளை வெள்ளையாக இருந்தது, என்னுடையதில் லேசான மஞ்சள். உள்ளே இருந்தவை வேறு வேறு பேனல்கள்.

எது இருக்கிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மானிட்டர் பகுதியில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். ஏயுஓ, பிஓஇ, சிஎம்என் (இது இன்னோலக்ஸ்), எல்ஜிடி, எஸ்டிசி என்று மூன்றெழுத்து இருக்கும், பின்னால் எண் இருக்கும். அதை இணையத்தில் தேடினால் பேனலின் முழு விவரமும் கிடைத்துவிடும். கடையில் டெமோவுக்கு வைத்திருக்கும் லேப்டாப்பிலேயே இதைப் பார்க்கலாம். ஆனால் பெட்டியில் வருவதில் அதே பேனல் இருக்கும் என்று நம்ப முடியாது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி பாருங்கள்.

என் முதல் லேப்டாப் 15.6 அங்குல டிஎன் பேனல் (விலை குறைந்த பழைய எல்சிடி வகை), 1366×768. இன்று யாருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்குலத்துக்குச் சுமார் 100 பிக்சல்தான். தமிழ் எழுத்துக்கு இது போதவே போதாது. சிறிய அளவில் ‘கி’க்கும் ‘கீ’க்கும் வித்தியாசம் தெரியாது, புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும். மூடியைக் கொஞ்சம் சாய்த்தால் மேல்பாதி ஒரு நிறம், கீழ்பாதி ஒரு நிறம். அதே அளவில் ஃபுல் ஹெச்டி (1920×1080) என்றால் அங்குலத்துக்கு 141 பிக்சல். மெய்ப்பு பார்ப்பவருக்கு அந்த ஒரு மாற்றமே பெரிய ஆறுதல்.

அந்த ஆறுதலோடுதான் இரண்டாவது லேப்டாப்பை வாங்கினேன். பெட்டியில் ‘ஃபுல் ஹெச்டி, ஐபிஎஸ்’ என்று இருந்தது. ஐபிஎஸ் என்பது பார்க்கும் கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத எல்சிடி வகை. இரண்டும் உண்மைதான். எழுத்து தெளிவாக இருந்தது, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் படம் மாறவில்லை. ஆனால் அட்டை வேலை வந்தபோது சிக்கல் தொடங்கியது. குங்கும நிறப் பின்னணியில் ஓர் அட்டை. திரையில் அது வெளுத்த செங்கல் போலத் தெரிந்தது, அச்சகத்திலிருந்து வந்த மாதிரியில் நல்ல அடர்சிவப்பு. கோப்பில் நிறம் சரியாகவே இருந்தது. அந்தச் சிவப்பைக் காட்டுகிற திறன்தான் திரைக்கு இல்லை.

ஸ்பெக்கில் ‘45% என்டிஎஸ்சி’ என்று ஒரு சின்ன வரி இருந்தால் அதன் பொருள் இதுதான். என்டிஎஸ்சி என்பது 1953இல் அமெரிக்கக் கலர் டிவிக்காக வகுத்த நிற எல்லை. கணினிக்கும் இணையத்துக்கும் இன்றும் அடிப்படையாக இருப்பது எஸ்ஆர்ஜிபி, 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து கொண்டுவந்தது. 72% என்டிஎஸ்சி என்றால் ஏறத்தாழ முழு எஸ்ஆர்ஜிபி. 45% என்றால் எஸ்ஆர்ஜிபியில் 60 சதவீதத்துக்குச் சற்று மேல். அதாவது எஸ்ஆர்ஜிபி எல்லைக்குள் இருக்கும் நிறங்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தத் திரையால் காட்ட முடியாது. காலிபரேஷன் கருவியை வைத்துச் சரிசெய்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். இருக்கிற நிறங்களை அது ஒழுங்குபடுத்தும், இல்லாத நிறத்தை உண்டாக்காது. இந்தப் பேனல்கள் பெரும்பாலும் 250 நிட்ஸ் வெளிச்சத்தில் நின்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து பகலில் வேலை செய்ய அது போதாது.

அப்புறம் குறைபாடுகள். பிக்சல் செத்துப்போவது பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஃபுல் ஹெச்டி திரையில் 20,73,600 பிக்சல்கள், ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப்பிக்சல்கள். சில பழுதாவது இயல்புதான் என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். அதற்கு ஒரு அளவுகோலும் உண்டு. 2001இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 தரத்தின் இரண்டாம் வகுப்பில், பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிவது 2, எப்போதும் அணைந்தது 2, துணைப்பிக்சல் பழுது 5 வரை ஏற்கலாம். பின்னர் அதன் இடத்தில் ஐஎஸ்ஓ 9241 வரிசை வந்தது, ஆனாலும் பல வாரண்டி விதிகளின் போக்கு இன்னமும் அதுதான். ஒரே ஒரு கறுப்புப் புள்ளிக்குத் திரையை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டபோது சர்வீஸ் சென்டரில் எனக்குச் சொன்ன பதிலும் இதுதான்.

மற்றவர்களுக்கு அது சின்ன விஷயமாக இருக்கலாம். தமிழ் மெய்ப்பு பார்ப்பவருக்கு இல்லை. முழுப்பக்கத்தையும் ஒரே பார்வையில் வைத்தால் மெய்யெழுத்தின் புள்ளி திரையில் ஓரிரு பிக்சல் அளவுதான் இருக்கும். செத்த பிக்சல் சரியாக எழுத்தின் தலைக்கு மேல் விழுந்தால் ‘பல’ என்பது ‘பல்’ ஆகிவிடும். பக்கத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பார்ப்பேன். உண்மையான புள்ளி எழுத்தோடு நகரும், திரையின் புள்ளி அங்கேயே நிற்கும். நாள் முழுக்க இதைச் செய்வது எவ்வளவு சலிப்பு என்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும். வாரண்டி விதிகளை எழுதுகிறவர்கள் புள்ளி வைத்து எழுதும் மொழிகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் மனதாரக் கேட்கிறேன்.

ஓரங்களில் வெளிச்சம் கசிவது இன்னொன்று. இருட்டறையில் முழுக் கறுப்புப் படத்தைத் திறந்து பாருங்கள். மூலையில் வெளிறிய பகுதி தெரிந்தால் தலையை இடம் மாற்றுங்கள். பார்க்கும் கோணத்தோடு அதுவும் மாறினால் அது ஐபிஎஸ் பேனல்களின் இயல்பான ஒளிர்வு, ஒன்றும் செய்ய வேண்டாம். எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில் நின்றால் அது பேக்லைட் (பின்னொளி) கசிவு. சட்டம் சரியாகப் பொருந்தாமல் பேனலை அழுத்துவதால் வருவது, மாற்றித்தரக் கேட்கலாம். போனில் படமெடுத்து முடிவு செய்யாதீர்கள். போன் கேமரா இருட்டைத் தூக்கிக் காட்டும் என்பதால் நல்ல திரையும் மோசமாகத் தெரியும்.

இவை முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். காலம் போகப் போக வருகிறவை வேறு. என் இரண்டாவது திரையில் நடுப்பகுதியில் வெள்ளைத் திட்டு ஒன்று வந்தது. நெரிசலில் முதுகுப்பை நசுங்கி, பேனலுக்குப் பின்னால் வெளிச்சத்தைப் பரப்பும் தாள்கள் அழுந்தியதன் விளைவு. பையில் சார்ஜரை லேப்டாப் இருக்கும் அதே அறையில் திணிக்காமல் இருந்தால் பெரும்பாலும் இதைத் தவிர்க்கலாம். அடுத்து செங்குத்தாக ஒரு கோடு வந்தது. சென்னை ரிச்சி தெருவில் காட்டியபோது பழுது பார்ப்பவர் உடனே பேனலைக் கழற்றவில்லை. “மூடியை மெதுவா அசைங்க சார். கோடு வந்து வந்து போனா கேபிள், அப்படியே நின்னா பேனல்” என்றார். அதோடு ஹெச்டிஎம்ஐ வழியாக வேறொரு திரையில் இணைத்துப் பார்த்தால் கிராஃபிக்ஸ் பழுதா என்பதும் தெரிந்துவிடும். எனக்கு வந்தது பேனலின் கோடு.

கேபிளும் லேசுப்பட்டதல்ல. 2016இல் வந்த மேக்புக் ப்ரோவில் திரைக் கேபிள் மூடியைத் திறந்து மூடுவதில் தேய்ந்து, கீழ்ப்பகுதியில் மேடை விளக்குகள் போல வெளிச்சம் தெரிந்தது. 2019 மே மாதம் ஆப்பிள் 13 அங்குல மாடலுக்கு இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தது. விலை அதிகம் என்பதால் இந்தப் பிரச்சினை வராது என்று நினைக்க வேண்டாம்.

ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை பற்றிக் கேட்பவர்கள் அதிகம். என் மனைவியின் 14 அங்குல லேப்டாப் அதுதான், 2880×1800. அட்டை வேலையை அதில்தான் முடிக்கிறேன். நிறமும் கறுப்பும் அருமை, ஐபிஎஸ் பக்கத்திலேயே வர முடியாது. ஆனால் நாள் முழுக்க வெள்ளைப் பக்கத்தில் எழுத்து பார்க்கும் வேலைக்கு நான் அதை எடுப்பதில்லை. பல ஓஎல்இடி திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது நொடிக்குச் சில நூறு முறை அணைந்து எரிகின்றன. எல்லோருக்கும் அது உறுத்தாது, எனக்கு மாலைக்குள் தலைவலி வந்துவிடுகிறது. வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பேனாவை வேகமாக ஆட்டிப் பாருங்கள். நிழல் தொடர்ச்சியாக இல்லாமல் துண்டுதுண்டாகப் பல பேனாக்கள் தெரிந்தால் திரை மினுக்குகிறது என்று பொருள். டாஸ்க்பார் போல ஒரே இடத்தில் நிற்கும் உருவம் காலப்போக்கில் பதிந்துவிடும் அபாயமும் உண்டு. நீலத் துணைப்பிக்சல்கள் மற்றவற்றைவிட விரைவாகத் தேய்வது இதற்கு முக்கியக் காரணம். அவள் டாஸ்க்பாரை மறைத்தே வைத்திருக்கிறாள், இதுவரை ஒன்றும் பதியவில்லை.

இப்போது நான் பயன்படுத்துவது 16:10 வடிவில் 1920×1200 ஐபிஎஸ், 100% எஸ்ஆர்ஜிபி, 400 நிட்ஸ். கூடுதல் உயரத்தில் பக்கத்தின் அடிக்குறிப்பு வரை தெரிகிறது. எழுத்து வேலைக்கு இதைவிட நல்ல கலவையை நான் இன்னும் பார்க்கவில்லை. இதற்கும் 45% திரை உள்ள மாடலுக்கும் விலை வித்தியாசம் வந்தால், ஸ்டோரேஜைக் குறைத்தாவது திரையை எடுங்கள். எஸ்எஸ்டியைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

திரையையும் மாற்றலாம்தான், ஆனால் விவரமாகப் பார்க்க வேண்டும். கனெக்டர் 30 பின்னா 40 பின்னா, திருகு மாட்டும் காதுகள் உண்டா, சட்டத்தின் நீளமும் தடிமனும் எவ்வளவு என்பதெல்லாம் பொருந்தியாக வேண்டும். இரண்டாவது லேப்டாப்பின் பேனலில் கோடு வந்ததும் ரிச்சி தெருவிலேயே அதே 30 பின்னில் ஒரு 72% என்டிஎஸ்சி பேனல் போட்டுக்கொண்டேன். பேட்டரி முன்பைவிடச் சற்று சீக்கிரம் தீர்கிறது, மற்றபடி குறையில்லை. கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள் அதில்தான் இப்போது படம் வரைகிறாள்.